காய்ச்சல் விட்ட பிறகு வரும் நெஞ்சுவலி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சளி, காய்ச்சல் குணமாகிப் பத்து நாளாகிறது. இப்போது நெஞ்சு வலிக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தொண்டையில் இருந்த வைரஸ் இதயத்துக்கு எப்படிப் போகும்?

பதில்: முதலில் ஒன்று. இன்றே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள், இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். மூக்கு, தொண்டை வழியாக நுழையும் சில வைரஸ்கள் ரத்தத்தில் கலந்து இதயம் வரை போகும். காக்ஸாக்கி பி, அடினோ வைரஸ் இரண்டும் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இதயத் தசைச் செல்களின் மேலேயே இருக்கிறது. இன்ஃப்ளுயன்ஸாவும் கோவிட்டும்கூட இதயத் தசை அழற்சியை உண்டாக்கலாம். வைரஸ் மட்டுமே தசையைக் கெடுப்பதில்லை. அதை விரட்ட வரும் நம் வெள்ளையணுக்களும் தசையைச் சேர்த்துத் தாக்குகின்றன. சிலருக்கு வைரஸ் ஒழிந்த பிறகும் அந்தத் தாக்குதல் ஓய்வதில்லை. பலருக்குக் காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து நெஞ்சில் தொல்லை தொடங்குவது இதனால்தான்.

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. மாரடைப்பாக இருக்கலாம் என்று ஆஞ்சியோ செய்தார்கள், அடைப்பே இல்லை. வீணாகச் செய்துவிட்டார்களா?

பதில்: இல்லவே இல்லை. ட்ரோபோனின் என்பது அடிபட்ட இதயத் தசையிலிருந்து கசியும் புரதம். அடி ரத்தக்குழாய் அடைப்பால் விழுந்ததா, அழற்சியால் விழுந்ததா என்று அது சொல்லாது. ஈசிஜியும் இரண்டிலும் ஒரே மாதிரி காட்டக்கூடும். அடைப்பைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அதை முதலில் பார்த்தது சரிதான்.

அடுத்து இதய எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். தசையில் எங்கே நீர் கோத்திருக்கிறது, எங்கே காயம்பட்டிருக்கிறது என்பதை அது காட்டும். மாரடைப்பில் காயம் தசையின் உட்பக்கத்திலிருந்து தொடங்கும். வைரஸ் அழற்சியில் பெரும்பாலும் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இருக்கும். அதிகம் தள்ளிப்போடாமல் முதல் சில வாரங்களுக்குள் எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: எக்கோ நார்மல். பயம் விட்டதா?

பதில்: பாதி விட்டது. எக்கோ பார்ப்பது முக்கியமாக இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலத்தையும், சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும்தான். லேசான அழற்சி அதன் கண்ணில் படாமல் போகலாம். வலி தொடர்ந்தாலோ ட்ரோபோனின் கூடியிருந்தாலோ, எக்கோவோடு நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: படுத்தால் வலி கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது. ஏன்?

பதில்: இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி இருக்கலாம். அதுவும் வைரஸுக்குப் பிறகு வரக்கூடியதுதான். இதற்கும் ஈசிஜி, எக்கோ அவசியம்.

கேள்வி: எல்லோருக்கும் பயாப்ஸி (இதயத் தசையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதயம் வேகமாகப் பலமிழக்கும்போதும், ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும்போதும்தான் யோசிப்போம். அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால், எடுத்த துணுக்கில் எதுவும் அகப்படாமலும் போகலாம்.

கேள்வி: உடம்பு தேறிவிட்டது. ஓட்டப்பயிற்சியைத் தொடங்கலாமா?

பதில்: தயவுசெய்து பொறுங்கள். அழற்சி ஆறாத தசையோடு ஓடினால் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிரே போகக்கூடும். வழக்கமாக 3 முதல் 6 மாதம் கடும் பயிற்சி கூடாது என்போம். பிறகு எக்கோ, ஹோல்டர் (ஒரு நாளோ அதற்கு மேலோ இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி), டிரெட்மில் சோதனைகளைப் பார்த்து உங்கள் இதய மருத்துவர் சொன்னால் மெதுவாகத் தொடங்கலாம்.