ஊறிப்போன ஆல்பங்கள்

அன்புள்ள சார்,

தாமிரபரணிக் கரையோரம் ஒரு சின்ன ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் எங்கள் ஊரும் மூழ்கியது. தம்பி படகில் போய் ஆட்களைக் கூட்டி வந்தான், மனைவி தெருவுக்கே சமைத்தாள். நான் மூட்டை தூக்கி, இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டேன். கஷ்டப்படுகிறவர்கள் முன்னால் கேமராவைத் தூக்கவும் கூச்சம். இந்தத் தொழிலை வைத்து யாருக்கு என்ன தெம்பு கொடுக்க முடியும்? அடுத்த மழைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கேமராவைத் தூக்காதது சரிதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது படம் எடுப்பது மட்டுமா?

2015 டிசம்பரில் சென்னையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபிறகு பீரோவின் அடித்தட்டைத் திறந்தால், அம்மாவின் கல்யாண ஆல்பம் சேற்றில் ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தது. ஃப்ரிட்ஜ் போனதற்கும் மெத்தை போனதற்கும் வாய் திறக்காத அம்மா, அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். “தைரியமா இருங்க” என்று சொல்லாத ஆளில்லை, நானும்தான் சொன்னேன்.

தெருமுனை ஸ்டுடியோக்காரர் மட்டும், “பிய்க்காதீங்க, காயவும் விடாதீங்க, எங்கிட்ட கொடுங்க” என்று வாங்கிப்போனார். அவர் கடையிலும் சேறுதான். ஒரு பிளாஸ்டிக் டப்பில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஆல்பத் தாளோடு ஊறப்போட்டு, படங்கள் தானாக வழுக்கிக் கழன்று வரும்வரை பொறுமையாக இருந்து, ஓரத்துச் சேற்றை விரல்நுனியால் தள்ளிவிட்டு, படம் மேல்பக்கம் இருக்கும்படி வேட்டியில் நிழலில் பரப்பினார். நாற்பது படத்தில் பதினொன்று தேறியது. ஒன்றில் மாலையெல்லாம் கரைந்து அப்பாவின் முகம் மட்டும் நின்றது. அதை வாங்கிப் பார்த்த அன்றைக்குத்தான் அம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்தார்.

அப்புறம்தான் ஜப்பானைப் பற்றிப் படித்தேன். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, இடிபாடுகளில் கிடைத்த படங்களையெல்லாம் சேர்த்து, தன்னார்வலர்கள் தண்ணீரில் பிரஷ்ஷால் கழுவி, கயிற்றில் கிளிப் மாட்டிக் காயவைத்தார்கள். யமமோட்டோ என்ற ஒரு ஊரில் மட்டும் சுமார் ஏழரை லட்சம் படங்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் வந்து தங்கள் வீட்டு முகங்களைத் தேடி எடுத்துப் போனார்கள்.

சரி, அடுத்த மழை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? உங்கள் ஊரில் தூக்கிப்போட மனசு வராமல் பரணில் வைத்த ஆல்பங்கள் இன்னும் இருக்கும். காய்ந்து ஒட்டியவை என்பதால், தண்ணீரில் போடுமுன் தெரிகிற வரைக்கும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஊறவைத்தால் இருப்பதும் போகலாம் என்று வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்க்ஜெட் பிரிண்ட்டை மட்டும் நனைக்கவே வேண்டாம், மை ஓடிவிடும். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் கடை வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள், போதும்.

தேறாத இருபத்தொன்பதையும் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். உங்களுக்கு அனுப்பட்டுமா?