'ஃபுய்'யா, 'இபா'வா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஸ்பெயின் வாடிக்கையாளர்களுக்காக ஸ்பானிஷ் படிக்கிறேன். 'போனேன்' என்பதற்கு 'ஃபுய்', 'இபா' என்று இரண்டு சொல்கிறார்கள். எதை எங்கே போடுவது? 'ஃபுய்' என்றால் 'இருந்தேன்' என்றும் அர்த்தமாமே?

பதில்: ஆங்கிலம் வழியாக யோசிப்பதால்தான் குழப்பம். தமிழில் யோசியுங்கள். "சின்ன வயசில் ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவோம்" என்கிறீர்கள். பழைய கதைதான், ஆனால் 'போவோம்'! அந்த இடத்தில் ஸ்பானிஷில் 'இபாமோஸ்'. "போன வருஷம் போனோம்" என்றால் 'ஃபுய்மோஸ்'. "லாரி வந்தப்போ மழை பெஞ்சுக்கிட்டு இருந்தது" என்பதில் பெய்துகொண்டிருந்த மழை 'இபா' வகை (யோவீயா), வந்து நின்ற லாரி 'ஃபுய்' வகை (யெகோ).

'அடிக்கடி நடந்தால், நெடுநாள் நடந்தால் இபா வகை' என்ற சூத்திரத்தை அப்படியே நம்பாதீர்கள். "மூணு தடவை போனேன்", "பத்து வருஷம் அங்கே வேலை பார்த்தேன்" இரண்டும் 'ஃபுய்' வகைதான். எண்ணி முடித்தாயிற்று, கணக்கு மூடியாயிற்று. தமிழிலும் இங்கே 'போவேன்' வராது, பாருங்கள்.

'ஃபுய்'க்கு இரண்டு அர்த்தம் உண்மைதான். நம் 'படி' மாதிரி, பக்கத்துச் சொல்லே காட்டிக்கொடுக்கும். 'ஃபுய் அல் புவெர்தோ' என்றால் துறைமுகத்துக்குப் போனேன்; 'ஃபுய் சூப்பர்விசோர்' என்றால் சூப்பர்வைசராக இருந்தேன்.

இபா வகையில் ஒழுங்கு மீறும் வினைகள் மொத்தமே மூன்று: இருப்பது, போவது, பார்ப்பது (எரா, இபா, வெயீயா). மனப்பாட உழைப்பையெல்லாம் ஃபுய் வகைக்கு ஒதுக்குங்கள்.

உங்கள் வேலைக்கு முக்கியமானவை இரண்டு. விலை குறைக்க 'நோ கெரீயா' என்றால் மனசில்லை. 'நோ கீஸெ' என்றால் முடியாது என்று மறுத்துவிட்டேன். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அடுத்தது 'பாகோ'. 'பா'வில் அழுத்தினால் 'நான் பணம் கட்டுகிறேன்'. 'கோ'வில் அழுத்தினால் 'அவர் கட்டினார்'. எழுதும்போது வித்தியாசம் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு மட்டுமே. அதை விட்டுவிட்டு மெயில் அனுப்பினால், அவர் கட்டிய பணத்தை நீங்கள் கட்டுவதாக ஒப்புக்கொண்டது போலாகும்!