ஈபேயில் விற்கிறீர்களா? போலி மெயில் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

பழைய நாணயமும் தபால்தலையும் ஈபே என்ற இணையச் சந்தையில் விற்று வருகிறேன். விற்பவர்களைக் குறிவைத்து வரும் போலி மெயில் பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணா, "பணம் கட்டி மூன்று வாரம் ஆச்சு, கேமரா எங்கே, போலீசுக்குப் போவேன்" என்று ஒருவர் மெயில் போட்டிருக்கிறார். நான் கேமராவே விற்கவில்லை. பதில் போடவா?

ப: போடாதீர்கள். "ஐயா, அது நானில்லை" என்று சொல்லக் கை பரபரக்கும், அவர்கள் நம்புவதும் அந்தப் பரபரப்பைத்தான். மெயிலில் இருக்கும் பதில் பொத்தானை அழுத்தினால் அச்சு அசலாக ஈபே மாதிரியே ஒரு லாகின் பக்கம் வரும், பாஸ்வேர்டை அடித்ததும் அது அவர்கள் கைக்குப் போய்விடும், உங்களை நிஜத் தளத்துக்கே திருப்பி விடுவார்கள், சந்தேகமே வராது. பிரவுசரில் நீங்களே முகவரியை அடித்து உள்ளே போய் மெசேஜ் பகுதியைப் பாருங்கள். நிஜமான கேள்வி என்றால் அங்கேயும் இருக்கும்.

முகவரியைப் படிக்கவும் ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் 'ஈபே டாட் காம்' இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'காம்'முக்குப் பிறகு சாய்கோடு வராமல் இன்னொரு புள்ளியும் வேறு பெயரும் வந்தால் அது அந்த வேறு பெயர்க்காரனின் தளம்.

கே: என் கணக்கில் பைசா கிடையாது. அதைத் திருடி என்ன சார் செய்வார்கள்?

ப: உங்கள் நல்ல பெயரைத் திருடுவார்கள். நேற்றுத் திறந்த கணக்கில் லேப்டாப் போட்டால் எவரும் சீந்தமாட்டார்கள், 800 நல்ல பின்னூட்டம் உள்ள உங்கள் கணக்கில் போட்டால் வாங்குவார்கள். பணத்தோடு அவன் போய்விடுவான், திட்டு உங்களுக்கு.

கே: "பேபாலில் கட்டிவிட்டேன், டிராக்கிங் எண் கொடுத்தால்தான் பணம் விடுவிக்கப்படும்" என்று மெயில் வந்திருக்கிறது, அனுப்பலாமா?

ப: வேண்டாம். இந்தியாவிலிருந்து ஈபேயில் விற்கும் நமக்கு இப்போது பணம் பயோனீர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாகத்தான் வருகிறது, பேபால் என்ற வேறொரு சேவையின் பெயரைப் பார்த்ததுமே சந்தேகப்பட வேண்டும். மெயில் என்ன சொன்னாலும் சரி, ஈபேயில் அந்த ஆர்டருக்குப் பணம் கட்டியதாகக் காட்டினால்தான் பார்சல் கட்டுங்கள்.

கே: ஈபே மெசேஜிலேயே ஒருவர் வாட்ஸப் நம்பர் கேட்கிறார்.

ப: கொடுக்காதீர்கள்.

கே: ஓடிபி வைத்திருக்கிறேன், பயமில்லைதானே?

ப: அப்படிச் சொல்ல முடியாது, போலிப் பக்கம் ஓடிபியையும் கேட்கும், நீங்கள் அடித்த அதே நிமிடம் அவன் நிஜத் தளத்தில் அதைப் போட்டுவிடுவான். பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது போன் பூட்டைக் கொண்டு உள்ளே போகும் வழி, நல்லது, அது வேறு முகவரியில் வேலையே செய்யாது.

கே: ஐயோ, நான் ஏற்கெனவே பாஸ்வேர்டை அடித்துவிட்டேன் அண்ணா!

ப: நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். இரவு பன்னிரண்டு மணி, ஒரு ஏலம் முடிய பத்து நிமிடம், அவசரம். காலையில் பார்த்தால் நான் கண்ணால்கூடக் காணாத ஆறு கைப்பேசிகள் என் கடையில் விற்பனைக்கு நிற்கின்றன! அன்று நான் செய்த தப்பு, ஈபே பாஸ்வேர்டை மட்டும் மாற்றியது. மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான், சாயங்காலமே திரும்ப உள்ளே வந்துவிட்டான். அதனால் முதலில் மெயில், அப்புறம் ஈபே. பிறகு பணம் போய்ச்சேரும் கணக்கு, முகவரி, புதிதாக ஏறிய பொருட்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பணம் போயிருந்தால் தள்ளிப்போடாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். அந்தப் போலி மெயிலை அழித்துவிடாதீர்கள், ஈபேக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்ய வேண்டும்.