மிக்கி வரிசையும் பெருமாள் வரிசையும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகரில் வசிக்கிறேன். வயது 41. சொந்த ஊர் தஞ்சாவூர். நவம்பரில் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரியவந்தது. முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்று முடிவாகியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் சிவப்பு மருந்தில் மூன்று முறை முடிந்துவிட்டது. நான்காவது வரும் வாரம். பிறகு பன்னிரண்டு வாரம் டாக்ஸால் என்ற இன்னொரு கீமோ மருந்து. இரண்டுக்கும் நடுவில் மூன்று வார இடைவெளி. அதில் மூன்றாவது வாரம் பிள்ளைகளை (மகளுக்கு 11, மகனுக்கு 7) ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். காரில் எட்டு மணி நேரம். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார் மருத்துவர். கணவருக்கும் சம்மதம்.

உதவிக்கு வந்திருக்கும் அம்மா மூன்று நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை. “உடம்பில் தெம்பிருந்தால் ஊருக்கு வந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போ” என்கிறாள். என் முடியைத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். அது கீமோவில் கொட்டிப்போனதே என்று வேறு அழுகை. “எல்லாம் முடியட்டும், பிறகு உல்லாசமாக இருக்கலாமே” என்று நாத்தனார் சென்னையிலிருந்து போனில் சொன்னார். இப்போது எனக்கே சந்தேகம். இது சுயநலமா? தள்ளிப்போடுவதுதான் முறையா? பிள்ளைகளுக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல நினைவாவது மிஞ்சட்டும் என்றுதான் இந்தத் திட்டம். மணிவாரியாகப் போட்ட அட்டவணையை இணைத்திருக்கிறேன். புகைப்படங்களுக்கு விக் வைப்பதா, தலையில் துணி கட்டுவதா என்பதும் குழப்பமாக இருக்கிறது. மருந்து ஏறும் நேரத்தில் படிக்கச் சில புத்தகங்கள் சொல்லுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

சில்லறை விஷயங்களை முதலில் தீர்த்துவிடுகிறேன். அன்று காலை எது தலையை அரிக்கவில்லையோ அதை அணிந்துகொள்ளுங்கள். புத்தகப் பட்டியல் தரமாட்டேன். மருந்து ஏறும்போது இலக்கியம் படித்தே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தூங்குங்கள். தூக்கம் வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஊர்வம்பு பேசுங்கள். முடியைப் பற்றி அம்மா அழ வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். மறுபடி வளரும், வளர்ந்ததும் கொடுத்துக்கொள்ளலாம். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் பெருமாள். தவணை தவறியதற்காகவா கோபித்துக்கொள்ளப்போகிறார்?

உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். கீமோவில் இருக்கும் ஒரு பெண் அரக்குப் பட்டு உடுத்தி, தலையில் பூத்துணி கட்டி, பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் பின்னாலிருந்து ஒரு குரல்: “உண்மையிலேயே அந்த வியாதிதானா இவளுக்கு?” அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் நாத்தனார் வந்து சேர்ந்தார்.

அவருடைய “எல்லாம் முடியட்டும்” என்பதை முதலில் பார்ப்போம். டாக்ஸால் ஏற ஏறப் பலருக்கும் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகும். பிறகு அறுவை சிகிச்சை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் கை வீங்கலாம், தூக்க முடியாமல் இறுகலாம். அடுத்து, வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. அந்தத் தோலோடு ஃபுளோரிடா வெயிலில் நிற்க முடியாது. உங்களுடையது ஹார்மோன் சார்ந்த வகை என்றால் அதற்குப் பிறகும் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். எல்லாம் முடிகிற தேதி எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போய், மூன்றாவது வாரம் மெல்ல ஏறும். மருத்துவர் கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். இதில் எழுத்தாளருக்கு வேலையில்லை.

என்னைக் கிளறிவிட்டது உங்கள் அம்மாவின் யோசனை. சார்லட்டிலிருந்து சென்னைக்கு விமானம் மாறி வந்துசேர இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீமோவில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். முன்னும் பின்னும் இருமுகிறவர்கள் வேறு. இறங்கியதும் மாயவரம் பக்கம் ஐந்தாறு மணி நேரக் கார்ப்பயணம். அங்கே சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைக்க வேண்டும், உப்பும் மிளகும் கொட்ட வேண்டும், கூட்டத்தில் இடிபட்டு அர்ச்சனைச் சீட்டு வாங்க வேண்டும். இவ்வளவும் தாங்குமாம் உங்கள் உடம்பு. எட்டு மணி நேரம் சொந்தக் காரில் நினைத்த இடத்தில் நிறுத்திப் போவது மட்டும் தாங்காதாம்!

நான் கோயிலுக்கு எதிரி இல்லை. அந்தக் குளத்தில் நானும் வெல்லம் கரைத்தவள்தான், கரைக்கும்போது மனம் லேசானதும் உண்மை. ஆனால் நம் வீடுகளில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது. நோயாளிப் பெண் வெளியே போகலாம், கஷ்டப்படுவதாக இருந்தால். வரிசையில் நிற்கலாம், கடைசியில் கைகூப்புவதாக இருந்தால். திருமலையில் சாதாரண நாளிலேயே அறுபது எழுபதாயிரம் பேர் தரிசனத்துக்கு நிற்கிறார்கள். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேர்தான் வருகிறார்கள். கிருமிக்கு இரண்டு வரிசையும் ஒன்றே. முகக்கவசம் இரண்டிலும் வேண்டும். ஆனால் ஒன்றில் நின்றவளைப் பார்த்து “என்ன பக்தி, இந்த உடம்போடு!” என்பார்கள். மற்றதில் நின்றவளைப் பார்த்து “என்ன திமிர், இந்த உடம்போடு!” என்பார்கள். நோய் என்பது ஏதோ தண்டனை, அதை அனுபவிப்பவள் அனுபவிப்பதுபோல் காட்டிக்கொள்ளவும் வேண்டும் என்ற எண்ணம் அடியில் கிடக்கிறது. ஆண்களுக்கு இந்த விதி கொஞ்சம் தளர்வு. படுத்திருக்கும் சித்தப்பாவுக்குச் சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்து, “பாவம், பொழுது போகட்டும்” என்றவர்களை எனக்குத் தெரியும்.

என் சின்ன அத்தைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. 1993இல் மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, கோபால்ட் கதிர்வீச்சுக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்து சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கதிர் பாயவேண்டிய இடத்தை ஊதா மையால் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். சிகிச்சை முடியும்வரை அதை அழிக்கக்கூடாது. வியர்வையில் அந்த மை கசிந்து ரவிக்கையின் கழுத்தோரம் ஊதாவாகிவிடும். அத்தை முந்தானையை இழுத்து இழுத்து அதை மறைத்துக்கொண்டே இருப்பாள். சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. ஒரு சனிக்கிழமை, “அந்தச் சிலை மனிதனைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போகிறாயா?” என்று என்னிடம் கேட்டாள். வீட்டில் சொல்லாமல் இரண்டு பேரும் பஸ் ஏறி வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குப் போனோம்.

சென்னைக்காரர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டியதில்லை. மீசையும் தலைப்பாகையுமாகக் காவலாளி உடையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார். பிள்ளைகள் முகத்தைக் கோணிக் காட்டுவார்கள், ஆடுவார்கள், கத்துவார்கள். அவர் உதடு அசையாது. அத்தை எதுவும் செய்யவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதைப்போலக் கேட்டாள்: “எங்கள் ஆஸ்பத்திரியில் சில நிமிஷம் அசையாமல் படு என்கிறார்கள். எனக்கு மூக்கு அரிக்கிறது, கால் அரிக்கிறது, எங்கேயெல்லாமோ அரிக்கிறது. உங்களுக்கு அரிப்பே எடுக்காதா?” பதில் இல்லை. அத்தை அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ணைச் சிமிட்டுகிறார். மூச்சும் விடுகிறார். அவ்வளவு இருந்தால் போதும்போல” என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திங்கட்கிழமை கோபால்ட் அறையிலிருந்து வெளியே வந்ததும் “இன்று நான் சிலை” என்றாள்.

விஷயம் எப்படியோ வீட்டில் தெரிந்தது. பதறிப்போய் அடுத்த வாரக் கடைசியிலேயே பரிகாரமாக அவளைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் போய், கூண்டில் இரவெல்லாம் காத்திருந்து, வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். ஊதாக் கோட்டுக்குள் தோல் உரிந்து, சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. மூன்று வருடம் கழித்து எலும்பில் நோய் வந்து இறந்தாள். பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் ஓர் உறவுக்காரர் இலையில் ரசத்தைக் குழித்துக்கொண்டே, “கரண்டு வைக்கிற சமயத்தில் கடற்கரை வெயிலில் ஆட்டம் போட்டாளே, அதுதான்” என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். திருப்பதியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இரண்டு பயணங்களுக்கும் நோய் எலும்புக்குப் போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் பழி போடுவதற்கு அவர்கள் தேடி எடுத்தது, அவள் சிரித்துவிட்டு வந்த பயணத்தைத்தான்.

உங்கள் நாத்தனாரும் நாளைக்கு இதைச் சொல்வார். நீங்கள் நன்றாகி வந்தால் அது வேண்டுதலின் பலன். காய்ச்சல் ஒருநாள் வந்தால் அது டிஸ்னியால். இந்தக் கணக்கில் நீங்கள் ஜெயிக்க வழியே இல்லை. அதனால் அதில் உட்காராதீர்கள். ஊர் திரும்பும்வரை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் போடாதீர்கள்.

இன்னொன்று. அந்த எலிக்கும் எனக்கும் ஆகாது. தண்ணீர் பாட்டிலுக்கு அவர்கள் வாங்கும் விலையில் இங்கே இரண்டு வேளை சாப்பிடலாம். ஆனாலும் புற்றுநோய்க்காரருக்கு அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். 1965இல் ஃபுளோரிடாவில் அந்தப் பூங்காத் திட்டத்தை அறிவித்த வால்ட் டிஸ்னிக்கு மறுவருடம் நவம்பரில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. ஓயாமல் சிகரெட் பிடித்தவர். மருத்துவமனைக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, மேற்கூரை ஓடுகளையே வரைபடமாக வைத்து, எந்தச் சாலை எங்கே போகவேண்டும் என்று அண்ணன் ராய்க்கு விரலால் காட்டினார் என்று சொல்வார்கள். டிசம்பர் 15 அன்று இறந்தார். ஓய்வுபெற இருந்த ராய் அதைத் தள்ளிவைத்துவிட்டு, 1971 அக்டோபரில் பூங்காவைத் திறந்து தம்பியின் பெயரை வைத்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். நோய்ப்படுக்கையில் கிடப்பவர் கேளிக்கைப் பூங்காவை நினைக்கலாமா என்ற கேள்வியை அந்த இடத்தில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு நினைவு மிஞ்சட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேட்டுத் தாங்க முடியவில்லை. ஏழு வயதுப் பையனுக்கு இப்போது தேவை ஐஸ்கிரீம். அவன் அம்மா ஒவ்வொரு சவாரியிலும் “இதை ஞாபகம் வைத்துக்கொள்” என்கிற முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் அவனுக்குப் பயம்தான் வரும். பதினொரு வயதுக்காரிக்கு எல்லாம் புரியும், உங்களுக்காகச் சிரித்துக்காட்டுவாள். குழந்தையை அப்படி நடிக்கவைக்காதீர்கள். எது நினைவில் நிற்கும் என்பதை அவர்கள் மனம் முடிவு செய்துகொள்ளும், உங்களைக் கேட்காது.

அட்டவணையைப் பார்த்தேன். காலை 7.15க்கு நுழைவாயில், 7.40க்கு முதல் சவாரி, மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், இரவு வாணவேடிக்கை. நீங்கள் வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்று இதிலேயே தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் டிக்கெட், எல்லோருக்கும் தொப்பி, யார் எங்கே சாப்பிடுவார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் எப்போது படுப்பீர்கள் என்பது மட்டும் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைக் கணவரிடம் கொடுங்கள். தப்புத் தப்பாகச் செய்வார், செய்யட்டும். மதியம் விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். வாடகைக்குச் சக்கர நாற்காலியும் மின்சார ஸ்கூட்டரும் கிடைக்கும், கௌரவம் பார்க்காமல் எடுங்கள். வரிசையில் நிற்காமல் போக அங்கே ஒரு சலுகை உண்டு. 2024இலிருந்து அதைப் பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி அறை உண்டு, தலை சுற்றினால் அங்கே போய்ப் படுக்கலாம். மார்பை இறுக்கிப் பூட்டும் சவாரிகளில், அதுவும் மருந்து ஏற்றும் போர்ட்டைத் தோலுக்குள் வைத்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

அம்மாவையும் அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்பார், வருவார். ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க அவரைவிடத் தேர்ந்த ஆள் உங்கள் வீட்டில் கிடையாது.

உங்கள் சாமான் பட்டியலில் தெர்மாமீட்டர் இல்லை. உடனே எழுதிக்கொள்ளுங்கள். விடுதிக்குப் பக்கத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், எந்த மணி, எந்தச் சவாரி என்று பார்க்காமல், கீமோவில் இருக்கிறேன் என்ற அட்டையோடு நேரே அங்கே போகவேண்டும். அம்மா கொடுக்கும் சுக்குக் கஷாயத்தை ஊருக்கு வந்து குடித்துக்கொள்ளலாம்.