கண்ணாடிப் பெட்டிக்குள் முசுறு

கேள்வி: இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பில் வெளிநாட்டு வகை ஒன்றை, ராணியோடு ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கி வளர்க்க ஆசை. நாய், பூனையைவிட இடமும் செலவும் குறைவு. சலித்துப்போனால் தோட்டத்தில் விட்டுவிடலாம். இதில் தவறு உண்டா?

பதில்: எறும்பு வளர்ப்பதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். நல்ல பொழுதுபோக்கு, பொறுமை இருந்தால் நிறையக் கற்றுத்தரும். ஆனால் பல்லாயிரம் எறும்பு இனங்களில், பெட்டிக்கு ஒத்தே வராத ஒன்றாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறீர்கள்.

இடம் குறைவு என்கிறீர்கள். முதிர்ந்த முசுறுக் குடி ஒன்றில் வேலைக்கார எறும்புகள் ஐந்து லட்சம் வரை இருக்கும். அவை ஒரே கூட்டில் அடைந்து கிடப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து மரங்களில் பல கூடுகள். ஏதோ ஒன்றில் ராணி. எல்லையோரக் கூடுகளில் வயதான எறும்புகள் காவல். இலை காய்ந்தால் கூட்டைக் கைவிட்டுப் புதிது கட்டும். இதில் எதை மேசைமேல் வைக்கப் போகிறீர்கள்?

நீங்கள் மயங்கியது அந்த நெசவில்தான் என்று நினைக்கிறேன். மயங்க வேண்டிய விஷயம்தான். வளர்ந்த எறும்புக்குப் பட்டு சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். வேலைக்காரிகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துச் சேர்க்கும். எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகிவிடும். அப்புறம் வேறு சில எறும்புகள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் கொண்டுபோகும். வேறு பல எறும்பு இனங்களில் புழு தனக்கு உறை கட்டிக்கொள்ளும் பட்டு இது. முசுறுப் புழு உறையே இல்லாமல் வளர்கிறது. அதன் பங்கு முழுவதும் கூட்டுக்குப் போய்விடுகிறது.

தபாலில் வரப்போவது இந்தக் காட்சி அல்ல. ஒரு ராணி, கொஞ்சம் முட்டை, மிஞ்சினால் சில குட்டி எறும்புகள். உயிருள்ள இலையை மடக்க அந்தப் படை போதாது. படை பெருகும்போது வேறு தலைவலி. இவற்றின் பாதம் கண்ணாடியில்கூட ஒட்டும். தன் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் சுமந்தபடி தலைகீழாகத் தொங்கக்கூடியவை. எறும்பு ஏறித் தப்பாமலிருக்கப் பெட்டி விளிம்பில் பூசும் வழுக்குப்பூச்சு ஈரக்காற்றில் வலுவிழக்கும். முசுறுக்கோ ஈரக்காற்றுதான் வேண்டும். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும் என்பதையும் விற்பவர் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "தோட்டத்தில் விட்டுவிடலாம்." கேள்வி முழுவதிலும் என்னைக் கோபப்படுத்தியது இதுதான். இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவுக்கு மனிதர்களோடு வந்து சேர்ந்த மஞ்சள் பைத்திய எறும்பு, 1990களில் பெருகி, அங்குள்ள செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. அதற்குத் தீனி போட்டது, செடிச்சாற்றை உறிஞ்சும் செதில்பூச்சிகளின் தேன்கசிவு. அந்தப் பூச்சியும் வெளியிலிருந்து வந்ததே. முசுறுக்கு இத்தனை கெட்டபெயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் செதில்பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் பாதுகாத்துத் தேன் கறக்கிற இனம். மரத்திலுள்ள மற்ற எறும்புகளை விரட்டுகிற இனம். போதாததற்கு உண்ணிகளும் பூஞ்சைகளும் அதன் உடம்போடு வரலாம். சோதனைக் குழாயில் அடைத்துத் தபாலில் வந்தது விற்றவர் சொன்ன இனம்தான் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. கென்யாவில் 2025-இல், சுமார் 5,000 ராணி எறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்குத் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம், தவறினால் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. அவை முசுறு அல்ல, தானியம் சேர்க்கும் எறும்புகள். ஆனால் போகவிருந்தது உங்களைப் போன்ற ஆர்வலர்களின் மேசைக்குத்தான்.

முசுறை வளர்த்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். தென்சீனத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் தொங்கவிட்டார்கள், பூச்சிகளைத் தின்ன. பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் வளர்த்தது மரத்தில், அதுவும் அந்த மண்ணின் எறும்பை.

உங்களுக்கு என் யோசனை: மழைக்குப் பிறகு, இறகு உதிர்த்துத் தரையில் அலையும் உள்ளூர் ராணி ஒன்றைத் தேடுங்கள். சோதனைக் குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் இறுக்கமாகப் பஞ்சு, ராணி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வையுங்கள். பல இனங்களின் ராணிக்கு முதல் குஞ்சுகள் வரும்வரை உணவே தேவையில்லை. பறப்பதற்கு உதவிய தசையைக் கரைத்தே பிள்ளைகளை வளர்த்துவிடும். அடிக்கடி எடுத்து ஆட்டிப் பார்த்தால் மிரண்டு முட்டையைத் தின்றுவிடும்.

வெளிநாட்டு ராணி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தால் வெளியே விடாதீர்கள். உங்கள் ஊர் வேளாண்மை அல்லது வனத்துறை அலுவலகத்தைக் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால் குழாயோடு ஃப்ரீசரில் வையுங்கள். இதைச் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லைதான்.