மேடன் ஃபிராஞ்சைஸ் மோடில் நம்பும்படியாக டிரேடு செய்வது எப்படி?

தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது மண்டபத்தில் கூட்டாளிகளோடு மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில், அணியை நாமே நிர்வகிக்கும் ஃபிராஞ்சைஸ் மோடு ஆடுவதாகவும், ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேடில், கம்ப்யூட்டர் அணி நாலு சுமாரான ஆட்களை வாங்கிக்கொண்டு ஒரு நட்சத்திரத்தையே கொடுத்துவிடுவதால் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டர் சம்மதித்தால் போதும் என்று நினைப்பதுதான் கோளாறு. அந்த அணி தன் நட்சத்திரத்தை ஏன் விற்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நிஜத்தில் 2022 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி அணி தன் நட்சத்திர ஆட்டக்காரரான 28 வயது டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்தது. அவர் ஆட்டம் ஒன்றும் குறையவில்லை. அவர் எதிர்பார்த்த சம்பளம்தான் கட்டுப்படியாகவில்லை. பதிலுக்கு 5 டிராஃப்ட் பிக்குகள் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்) வந்தன: அந்த ஆண்டின் முதல், இரண்டாம், நான்காம் சுற்று, அடுத்த ஆண்டின் நான்காம், ஆறாம் சுற்று. மயாமி கையோடு புது ஒப்பந்தமும் போட்டது. கொடுக்கும் அணிக்கு ஒரு காரணம், வாங்கும் அணிக்கு ஒரு செலவு. இரண்டும் இருந்தால்தான் அது டிரேடு.

அப்புறம் வயது. முப்பது தாண்டிய ரன்னிங் பேக்குக்கு (பந்தோடு ஓடுகிறவர்) முதல் சுற்று பிக் கேட்பது, நேற்றுப் பிடித்த சீலாவுக்கு இன்றைய விலை கேட்பது மாதிரி. நன்றாக ஆடும் இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) கேட்கவே வேண்டாம், எந்த அணியும் விடாது.

ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பை மட்டும் கேமில் அணைத்துவிடாதீர்கள். ஆளை அனுப்பிய பிறகும், ஒப்பந்தத்தின்போது கொடுத்த போனஸில் இன்னும் கணக்கில் ஏறாத மீதி பழைய அணியின் உச்சவரம்புக் கணக்கில்தான் விழும். பாதி அசட்டு டிரேடுகள் அதிலேயே அடிபட்டுப்போகும். மீதிக்கு, டிரேடில் சம்பந்தப்படாத ஒரு கூட்டாளி சரி என்று சொன்ன பிறகே பட்டனை அழுத்துங்கள்.