ரெண்டாம் வயலின்காரருக்கு என்ன வேலை?

கேள்வி: தமிழ்ப்படங்களில வாற ஓகெஸ்ட்ரா பின்னணி இசை ஹொலிவூட் தரத்துக்கு இருக்கா? உங்களுக்குப் பிடிச்ச ஸ்கோர் (ஒரு படத்துக்கெண்டு எழுதின இசை) எது, ஏன்?

பதில்:

"தரத்துக்கு இருக்கா" எண்டு ஆரும் கேட்டா உடன கட்சி பிரிஞ்சிடும். ஒரு பக்கம் ராசா, அதான் இளையராசா ஆக்கள், மற்றப்பக்கம் ஹொலிவூட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் ஆக்கள், இடையில ரகுமான் ஆக்கள் வந்து ரெண்டு பேருக்கும் குடுப்பினம். நான் ராசா கட்சிதான், மறைக்க ஒண்டுமில்ல, ஆனா ராசா எழுதினது எண்டதுக்காக எல்லாத்துக்கும் கை தட்டுற ஆளில்ல, மற்றவை எழுதினதில எனக்கு உயிரான சாமானும் இருக்கு. நான் பாக்கிற அளவுகோல் வேற, அதைச் சொன்னா பதில் தானா வரும்.

சின்னனில கர்நாடக வயலின் பழகினனான். அதால ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது முதல்ல வயலினிட்டத்தான் போகும். எங்கட கச்சேரியில வயலின் எண்டா பாடுறவருக்குப் பின்னால போறது, அவர் பாடினதை அப்பிடியே வாங்கி வாசிக்கிறது, அவர் விட்ட இடத்தில கொஞ்சம் எடுக்கிறது. ஓகெஸ்ட்ராவில கதையே வேற. முதல் வயலின் ஒரு கூட்டம், ரெண்டாம் வயலின் இன்னொரு கூட்டம், அதுக்குக் கீழ வியோலா, செல்லோ, டபிள் பேஸ். மேல போற மெட்டு கனதரம் முதல் வயலினுக்குத்தான், அது எல்லாருக்கும் கேக்கும், வீட்ட போகேக்க வாயில முணுமுணுக்கிறதும் அதைத்தான். சரி, நடுவில இருக்கிறவை அந்த நேரம் என்ன செய்யினம்? சும்மா ஒரு கோர்டை (ஒரேநேரம் சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்களை) நீட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா அதுக்கு ஏன் அம்பது பேர், ஒரு கீபோர்டும் ஒரு ஆளும் காணும். ரெண்டாம் வயலின்காரருக்கும் ஒரு வழி குடுத்து, அதை மட்டும் தனியப் பாடிப்பாத்தாலும் ஒரு மெட்டா நிக்குதெண்டா அதைத்தான் நான் எழுதின இசை எண்டு சொல்லுவன்.

இது எனக்குப் பிடிபட்டது கோயில் திருவிழாவில வைக்கிற இசைக்கோஷ்டியாலதான். தளபதி 91இல வந்தது, அதுக்குப்பிறகு எங்கட பக்கம் "ராக்கம்மா கையத் தட்டு" இல்லாமக் கோஷ்டி முடிஞ்சதா நான் காணேல்ல. முன்னுக்கு வாற அந்த ஸ்ட்ரிங்ஸை கீபோர்ட்காரர் ஒரு பட்டனை அமத்திப்போட்டு வலக்கையால வாசிப்பார், மேல் மெட்டு பிசகாம வரும், பொடியள் விசிலடிப்பாங்கள், ஆனா எங்கயோ ஒரு கால் நொண்டும். ஒறிஜினலைப் போட்டுக் கேட்டா விளங்கும், மேல வயலின் வெட்டி வெட்டிப் பாயேக்க கீழ இருக்கிறவை தங்கட வேலையத் தனியப் பாத்துக்கொண்டிருக்கினம், அதை எடுத்துப்போட்டா மேல் மெட்டுக்கு நிக்க நிலம் இல்ல. அந்தப் பாட்டில இன்னொரு இடம், கூத்தெல்லாம் அடங்கி "குனித்த புருவமும்" வரும், நாங்கள் பள்ளிக்கூடத்தில சைவசமயப் பாடத்துக்குப் பாடமாக்கின அப்பர் தேவாரம். குத்துப்பாட்டுக்கு நடுவில தேவாரத்தை வைச்சு, அது ஒட்டாம நிக்காமக் கொண்டுபோய்த் திரும்பக் கூத்துக்குள்ள விடுறது எண்டா அது மெட்டுப் போடுற கெட்டித்தனம் மட்டும் இல்ல.

இன்னொண்டும் சொல்லோணும். தளபதி வரேக்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்ல. சண்டையில 90இல போனது, கன வருசம் வரேல்ல, பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, ரைனமோவில இருந்து வயர் இழுத்துக் கசற் கேட்ட காலம் அது, என்ர வயசு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. சுத்துறவருக்குக் கை களைச்சா பாட்டு இழுபடும், சுருதி இறங்கும், பாடகர் கிணத்துக்குள்ள இருந்து பாடுவார், பெரியாக்கள் "சுத்தடா" எண்டு கத்துவினம். ஆனா "சுந்தரி கண்ணால் ஒரு சேதி" இப்பிடி இழுபடேக்கதான் அதுக்குள்ள இருக்கிற ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் எனக்குப் பிரிஞ்சு பிரிஞ்சு கேட்டது, வேகமாப் போகேக்க ஒரே அலையாக் கேட்டது மெதுவாகேக்க நாலு கயிறாத் தெரிஞ்சுது. நான் வேணுமெண்டே கையை விட்டு மெதுவாச் சுத்தி ஏச்சும் வாங்கியிருக்கிறன். அந்தப் பாட்டு மும்பைக்குப் போய் ஒலிப்பதிவு செய்தது, பாட்டுக்கு நடுவில சண்டைக்குப் போற காட்சிக்கு வாற இசையைக் கேளுங்கோ, காதல் பாட்டுக்குள்ள ஒரு முழுப்படத்தின்ர ஸ்கோர் இருக்கு. (பிறகு 2010இல சிம்மர் இசையமைச்ச இன்செப்சன் படம் வந்து, அதில வாற அந்த "ப்ராாாம்" எண்ட சத்தம் எடித் பியாஃப் பாடின ஒரு பிரெஞ்சுப் பாட்டை மெதுவாக்கி அதில இருந்து எடுத்தது எண்டு உலகமே வியந்து எழுதேக்க நான் சிரிச்சனான். ரைனமோக்காரருக்கு உது பழைய விசயம்.)

ராசாவின்ர முறை பற்றிக் கனபேர் எழுதியிருக்கினம், சுருக்கமாச் சொல்லுறன். தன்ராஜ் மாஸ்டரிட்ட மேலைத்தேய சங்கீதம் படிச்சவர், லண்டன் ட்ரினிட்டி இசைக்கல்லூரிச் சோதனை கிளாசிக்கல் கிட்டாரில எடுத்தவர். ரீலைப் பாத்துப்போட்டு ஹார்மோனியத்தையோ பியானோவையோ தொடாம நேரா நொட்டேசனா எழுதிக் குடுப்பார், வாசிக்கிறவை அதைப் பாத்து வாசிப்பினம். மூளையில கேட்டு எழுதுற ஆளுக்குத்தான் நடுக்குரல் (ரெண்டாம் வயலின், வியோலா மாதிரி நடுவில போற வழி) எல்லாம் சேர்த்துக் கேக்கும், கீபோர்டில தட்டித் தேடுறவருக்கு ரெண்டு கைக்கு அகப்பட்டதுதான் வரும். இது என்ர அபிப்பிராயம், சண்டைக்கு வாறவை வரலாம். 86இல வந்த "ஹௌ டு நேம் இற்" எண்ட இசைத்தொகுப்பு, அது படத்துக்குப் போட்டதில்ல, எண்டாலும் அதைக் கேக்காம இந்தக் கதைக்குள்ள வரக்கூடாது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாச் செய்தது, வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக் தனி வயலினுக்கு எழுதின ஈ மேஜர் பார்ட்டிட்டா அதுக்குள்ள அப்பிடியே வரும், பக்கத்தில எங்கட ஆக்கள் வாசிப்பினம், ஒருத்தரை ஒருத்தர் இடிக்கேல்ல. பாக்குக்கு நடுக்குரல் எண்டா உயிர், ராசா அதை அங்க இருந்துதான் பிடிச்சவர்.

படம் முழுக்க ஒரு மெட்டைக் கொண்டுபோறதுக்கு நாயகன் காணும். "தென்பாண்டிச் சீமையிலே" தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த ஆள் இன்னொண்டை இழந்திருப்பான். ஹே ராமுக்கு 2000இல ஹங்கேரி புடாபெஸ்ட்டுக்குப் போய் ஓகெஸ்ட்ரா வைச்சுச் செய்தவர், அதுவும் முதல்ல வேற ஒருத்தர் போட்ட பாட்டுக்கு எடுத்து முடிச்ச காட்சிகளுக்கு வாயசைவு பிசகாமப் புது மெட்டு. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் 2013, ஒரு பாட்டும் இல்ல. பாட்டில்லாட்டி ராசா என்ன செய்வார் எண்டு கேக்கிறவை அதைப் பாக்கோணும், ராத்திரி முழுக்க ஓடுற படம், ஸ்ட்ரிங்ஸ்தான் கூட ஓடும்.

சரி ஹொலிவூட். வயலின் பழகின ஆருக்கும் முதல் சாமி இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன்தான். சைக்கோ 1960, முழுப்படமும் ஸ்ட்ரிங்ஸ் மட்டும், ஊதுற வாத்தியமும் இல்ல மேளமும் இல்ல. அந்தக் குளிக்கிற காட்சிக்கு இசையே வேண்டாம் எண்டுதான் டைரக்டர் ஹிட்ச்கொக் சொன்னவர், ஹெர்மன் எழுதிப் போட்டுக் காட்டின பிறகு மனுசன் மனம் மாறிட்டார். அந்தக் கீச்சிடுற வயலின் எவ்வளவு நேரம் வருது எண்டு பாருங்கோ, கொஞ்ச நேரம்தான், அறுபது வருசத்துக்கு மேல உலகம் அதைத்தான் கொப்பி பண்ணுது.

ஜோன் வில்லியம்ஸ் பற்றி நான் புதுசாச் சொல்ல என்ன இருக்கு, 54 தரம் ஒஸ்காருக்குப் பரிந்துரைச்சு 5 தரம் வெண்ட ஆள். ஜோஸ் படத்தில ரெண்டே சுரம், கீழ செல்லோவும் பேஸும். அதில ஒரு இடம் கனபேர் கவனிக்கிறேல்ல, ரெண்டு பொடியள் மட்டையில செய்த செட்டையைக் கட்டிக்கொண்டு சனத்தை வெருட்டுவாங்கள், அப்ப அந்த ரெண்டு சுரம் வராது. சுறா உண்மையா வந்தாத்தான் இசையும் வரும். எங்கட படங்களில பேய் இல்லாத இடத்திலயும் பேய்க்கு வாற பீஜிஎம்மை (பின்னணி இசையை) போட்டு வெருட்டுறதை நினைச்சுப் பாருங்கோ. இன்னொண்டு ஈ.ரி., 1982. கடைசிச் சைக்கிள் ஓட்டத்துக்கு இசையைப் படத்தின்ர அளவுக்கு வெட்டிப் பொருத்தேக்க வில்லியம்ஸ் திணறினவராம், டைரக்டர் ஸ்பீல்பேர்க் ஸ்கிரீனை நிப்பாட்டிப்போட்டு, நீங்கள் கச்சேரி மாதிரி உங்கட பாட்டில வாசியுங்கோ, நான் படத்தை அதுக்கு ஏத்தமாதிரி வெட்டுறன் எண்டவர். டைரக்டர் இப்பிடி விட்டுக்குடுத்தா என்ன நடக்கும் எண்டதுக்கு அந்தக் கடைசிக் கால் மணித்தியாலம் சாட்சி. இத்தாலி இசையமைப்பாளர் மொரிக்கோனேயும் அப்பிடித்தான், ஒன்ஸ் அப்போன் எ டைம் இன் த வெஸ்ட் படத்துக்கு இசையை முதல்ல எழுதி வைச்சு, அதை செற்றில போட்டுப்போட்டுத்தான் டைரக்டர் லியோனே படம் எடுத்தவர், அந்த நடிகர்மாரின்ர நடையைப் பாத்தாலே தெரியும்.

இப்ப சிம்மர். என்ர சோதனையில சிம்மர் பெயில், நடுவில இருக்கிறவைக்குத் தனி வழி கனக்கக் குடுக்கிறேல்ல, எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளுவார். ஆனா அவர் செய்யிறது வேற வேலை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். இன்டர்ஸ்டெல்லருக்கு டைரக்டர் நோலன் என்ன படம் எண்டே சொல்லாம ஒரு தகப்பனும் பிள்ளையும் பற்றி ஒரு பக்கம் எழுதிக் குடுத்தவர், அதுக்கு எழுதின சின்ன மெட்டில இருந்துதான் முழு ஸ்கோரும் வளர்ந்தது. பேந்து லண்டன் டெம்பிள் சேர்ச்சுக்குப் போய் அங்க இருக்கிற பைப் ஓர்கனை (குழாய்களுக்குள்ள காத்தடிச்சுச் சத்தம் வாற பெரிய வாத்தியம்) ரோஜர் சேயரைக் கொண்டு வாசிப்பிச்சுப் பதிஞ்சவை. அந்த ஓர்கன் மூச்சு விடுற சத்தம் ஸ்பேஸ் சூட்டுக்குள்ள இருக்கிற மனுசன் மூச்சு விடுற மாதிரி இருக்கும். நல்ல தியேட்டரில கதிரை அதிரேக்க எனக்கு ரெண்டாம் வயலின் நினைவே வரேல்ல. பிரச்சினை சிம்மர் இல்ல, சிம்மரைக் கொப்பி பண்ணுறவை. இப்ப வாற மாஸ் பீஜிஎம்மில ஹீரோ கதவைத் திறந்தா பிராஸ் (ட்ரம்பெட் மாதிரி ஊதுற பித்தளை வாத்தியங்கள்), கதிரையில இருந்தா பிராஸ், சிகரெட்டைப் பத்தினா கோரஸோட பிராஸ். எல்லாம் கொம்பியூட்டரில பதிஞ்சு வைச்சிருக்கிற சாம்பிள், ஆரும் மூச்சுப் பிடிச்சு ஊதினது இல்ல, கேட்டு முடிய ஒரு மெட்டும் மனசில நிக்காது, காது மட்டும் கூவும்.

ரகுமானை விட்டிட்டன் எண்டு ஏசப்போறியள். பொம்பே தீம், 95, புல்லாங்குழல் நவீன், கீழ மெதுவா வாற ஸ்ட்ரிங்ஸ், அது என்ர சோதனையில வடிவாப் பாஸ், அதை விடப் பெரிய புகழ்ச்சி என்னட்ட இல்ல. பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்குப் பின்னணி இசைக்கெண்டே தேசிய விருது குடுத்தவை, சரியான ஆளுக்குத்தான் போனது. ஆனா கன்னத்தில் முத்தமிட்டாலில வாற "விடை கொடு எங்கள் நாடே"க்கு மட்டும் என்னட்ட மார்க் கேக்காதேங்கோ. எம்.எஸ். விஸ்வநாதன்ர குரலில தொடங்கி, சனம் மூட்டை முடிச்சோட வெளிக்கிடுற காட்சி. 95 ஒக்டோபர் 30 இரவு நாங்களும் அப்பிடித்தான் வெளிக்கிட்டம், யாழ்ப்பாணத்து வலிகாமமே நாவற்குழிப் பக்கம் ரோட்டில நிண்டுது. அங்க ஸ்ட்ரிங்ஸ் இல்ல, மழையும் சைக்கிள் மணியும் பிள்ளையளைப் பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தமும்தான். அந்தப் பாட்டு நல்ல பாட்டோ கெட்ட பாட்டோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது, கேட்டா நிப்பாட்டிப்போடுவன். அம்மா முழுக்கக் கேப்பா.

ஆக, கேட்ட கேள்விக்கு: ஓம், தரத்துக்கு இருக்கு, ஆனா ஒரு சில ஆக்களின்ர ஒரு சில படங்களில. எனக்குப் பிடிச்ச ஒண்டே ஒண்டு எண்டா தளபதி, பாட்டும் பீஜிஎம்மும் சேர்த்து. ராசாவின்ர வேலியன்ட் சிம்பனி 2025 மார்ச் 8, லண்டனில வாசிச்சது, அங்க இருக்கிற மச்சான் போட்டு வந்து ரெண்டு மணித்தியாலம் போனில கதைச்சவன், அது படத்துக்கு இல்லாதபடியா இதுக்குள்ள இழுக்கேல்ல.

புதுசாக் கேக்கத் தொடங்கிற ஆக்கள் போன் ஸ்பீக்கரில கேக்காதேங்கோ, அதில செல்லோவே இருக்காது. ஒரு சுமாரான இயர்போன் காணும். முதல்ல ஈ.ரி. கடைசிக் காட்சி, பேந்து சைக்கோ, அதுக்குப்பிறகு சுந்தரி கண்ணால். யூரியூப்பில வேகத்தைக் குறைக்கிற வசதி இருக்கு, முக்காலில வைச்சுக் கேளுங்கோ. சுருதி இறங்காது, அதால எங்களுக்கு வந்த ருசி முழுசா வராது, ஆனா உள்ளுக்க ஆர் என்ன வாசிக்கினம் எண்டு பிரிச்சுப் பிடிக்கலாம். நாயகன் ஸ்கோரைத் தனியா நல்ல சவுண்டில ஆரும் வைச்சிருந்தா கீழ சொல்லுங்கோ, என்னட்ட இருக்கிறது டிவிடியில இருந்து உருவினது, வசனமும் சேர்ந்து வருது.